கதவைச் சாத்தத் தெரியாதவள்

கெய்ரோவின் ஷுப்ராவில் தெமியானாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் ஓட்டும் ரயிலைத் தெரியாதவர்கள் கிடையாது. படிக்கட்டின் உச்சியில் நின்று யாராவது கையை ஆட்டினாலே நின்றுவிடுகிற ரயில் அது. கைக்குழந்தைக்காரி, காய்கறிப் பை சுமப்பவள், பரீட்சைக்குப் பிந்திய மாணவன், எதற்குமே பிந்திப் பழகிய ஆசாமி, யாராக இருந்தாலும் சரி. ஓடி வருவது கேபின் கண்ணாடியில் தெரிந்துவிட்டால் அவள் கை பொத்தானுக்குப் போகாது. மணி அடிக்கும், மறுபடி அடிக்கும், உள்ளே இருப்பவர்கள் முனகுவார்கள், கதவு மட்டும் ஆவென்று திறந்தே கிடக்கும். ஓடி வந்தவர் ஏறி, மூச்சு வாங்கி, "உன் கைக்கு ஒரு குறையும் வராது உஸ்தா!" என்று காற்றில் ஒரு வாழ்த்தைப் போட்ட பிறகுதான் வண்டி நகரும். அந்த வாழ்த்து கேபினுக்குள் கேட்காது. கேட்டதாக அவள் வைத்துக்கொள்வாள்.

வண்டி ஓட்டுகிறவனை, கைத்தொழில் தெரிந்தவனைக் கெய்ரோவில் உஸ்தா என்பார்கள். ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டம் சும்மா வந்துவிடவில்லை. தெமியானா புனித தெரசா தேவாலயத்துக்குப் பின்சந்தில் பிறந்தவள். வணிகவியல் படித்தாள். படிப்புக்கேற்ற வேலை யாருக்குத்தான் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்க? மெட்ரோ ரயில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தாள். முன்னால் ஒரு கண்ணாடி, அதில் கை நுழையும் அளவு ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் பல வருஷம் உலகம் அவளோடு சில்லறைக்குச் சண்டை போட்டது. காலடியில் ரயில் வந்து போகும்போதெல்லாம் நாற்காலி லேசாக அதிரும். தன் வாழ்க்கையும் இப்படித்தான் உட்கார்ந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

பெண்களும் ரயில் ஓட்டலாம் என்று அறிவிப்பு வந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். உறவுக்காரர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். கணவன் ஆத்தெஃப் மட்டும் வைக்கவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவன் அவன். "உன் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல, போய் ஓட்டு" என்று தன் தொழில்முறைச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பினான்.

அவள் தனியாக ஓட்டிய முதல் நாள், கேபினில் பெண்ணைப் பார்த்ததும் சில ஆண்கள் ஏறிய காலை இறக்கினார்கள். "நாங்க அடுத்ததுல வர்றோம்மா." அன்றைக்கு மட்டும் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இருந்தது! மற்ற நாட்களில் அந்தப் பாதையில் அடுத்த வண்டியை நம்புகிறவன் எவனும் இல்லை. காரணம், தெமியானாவுக்கு அடுத்த வண்டி உஸ்தா பையூமியுடையது.

பையூமி இம்பாபாக்காரர். தொப்பையும் மீசையும் போட்டி போட்டு வளர்ந்த ஆள். அவரைப் பற்றி இரண்டு விஷயங்கள் ஊரறிந்தவை. ஒன்று, ஓடி வருகிறவனின் மூக்கு நுனியில் கதவைச் சாத்துவார். இரண்டு, கடைசி நிலையத்தில் புதினா போட்ட டீயைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சாமல் வண்டியைக் கிளப்ப மாட்டார். தெமியானா வண்டியை விட்டவன் பையூமியின் டீ ஆறுகிற வரைக்கும் நிற்க வேண்டும். அதனால்தான் ஜனம் ஓடியது. ஜனம் ஓடியதால் அவள் நின்றாள். அவள் நின்றதால் எல்லாமே இன்னும் பிந்தியது. இது யாருக்கும் உறைக்கவில்லை, முக்கியமாக அவளுக்கு.

அந்த நேரத்தில்தான் புது ரயில்கள் வரப்போவதாகச் செய்தி வந்தது. பழையவை ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குப் போகும். புதியவற்றை ஓட்டப் போகிறவர்களைத் துபாய்க்கு அனுப்பிப் பயிற்சி கொடுப்பார்கள். அங்கே தேறினவர்களுக்குப் புது வண்டி. தேறாதவர்கள் முன்பு பார்த்த வேலைக்கே திரும்ப வேண்டும். பையூமிக்கு முன்பு பார்த்த வேலை பணிமனை. தெமியானாவுக்கு அந்தக் கண்ணாடி ஓட்டை.

விமான நிலையத்தில் ஆத்தெஃப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபோது அவள் அழுதுவிட்டாள். "தேறலைன்னா என்னங்க பண்றது? மறுபடியும் அங்க போய் உக்கார முடியாது என்னால. செத்துருவேன்."

"போறதுக்கு முன்னாடியே திரும்பி வர்றதைப் பத்திப் பேசுறவ நீ ஒருத்திதான். போயிட்டு வா. வரும்போது கடை ஷோகேசுல வைக்க ஒரு ஒட்டகப் பொம்மை."

"ஒட்டகமா? கிஸா பிரமிடுகிட்ட இல்லாத ஒட்டகமா?"

"அது நம்ம ஊரு ஒட்டகம்டி. வெளிநாட்டுச் சரக்குன்னா மதிப்பு வேற" என்றான் ஆத்தெஃப்.

துபாய் அவளை மிரட்டவில்லை. அவ்வளவு உயரக் கட்டடங்களையும் அவ்வளவு சுத்தமான சாலையையும் பார்த்து, "வீட்டுக்கு யாரோ விருந்தாளி வரப்போற மாதிரியே வச்சிருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். அவளை அசத்தியது ரயில்தான். முன் பெட்டியில் ஏறி ஓட்டுநரின் கேபினைத் தேடினால், கேபினும் இல்லை, ஓட்டுநரும் இல்லை. கண்ணாடிக்கு ஓரமாக ஒரு சின்னக் குழந்தை நின்று இல்லாத விசையைப் பிடித்து ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தது.

கூடப் பயிற்சிக்கு வந்திருந்த பையூமி தலையில் அடித்துக்கொண்டார். "ஓட்டுறவனே இல்லைன்னா ஜனம் யாரைத் திட்டும்?"

பயிற்சி மையத்தில் அவர்களுக்கு ஆசிரியை மவ்ஸா. அந்த ஊர்ப் பெண்; கறுப்பு அபாயா அங்கியும் வெள்ளை விளையாட்டுக் காலணியுமாக, நடப்பதே ஓடுவது போல இருக்கும். எகிப்து சீரியல்களைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் கெய்ரோப் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்ன, சீரியல் கதாநாயகி மாதிரிதான் பேசுவாள். பேனா கீழே விழுந்தால்கூட நெஞ்சில் அறைந்துகொண்டு, "ஐயோ, என் குடி முழுகிப் போச்சே!" என்பாள். முதல் நாளே தெமியானாவை அக்கா என்றாள், பையூமியை மாமா என்றாள். வகுப்பு தொடங்கியதும் அந்த உறவெல்லாம் வாசலோடு நின்றுவிடும். கறார் என்றால் அப்படி ஒரு கறார்.

கெய்ரோவுக்கு வரப்போகிற புது வண்டியின் கேபினை அச்சு அசலாகக் கட்டி வைத்திருந்தார்கள். உட்கார்ந்தால் எதிரே திரையில் சுரங்கம் விரியும், நடைமேடை வரும், மனிதர்கள் ஏறி இறங்குவார்கள். பிரேக், சைகை, அவசரகாலம் எல்லாவற்றிலும் தெமியானா தூள் கிளப்பினாள். புகை வந்த பெட்டியை அவள் காலி செய்த விதத்தைப் பார்த்து மவ்ஸாவே கை தட்டினாள். அப்புறம் கதவுப் பரீட்சை வந்தது.

பரீட்சை ரொம்பச் சுலபம். நிலையத்தில் நிற்க வேண்டும், மணி அடித்து ஓய்ந்ததும் கதவைச் சாத்த வேண்டும், யாரும் கதவில் சிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பாதை முழுக்க இப்படிப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான். முதல் நிலையத்திலேயே, மணி ஓய்கிற நேரம் பார்த்து, திரையில் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பொம்பளை படிக்கட்டில் ஓடி வந்தாள்.

"அக்கா, மணி ஓஞ்சாச்சு."

"ஓஞ்சாச்சு."

"கதவு?"

"ஒருத்தி ஓடி வர்றா மவ்ஸா."

"அது படம் அக்கா!"

"படம்தான். ஆனா ஓடி வருதே!"

படம் ஏறியது. தெமியானா நிம்மதியாக மூச்சு விட்டுக் கதவைச் சாத்தினாள். அடுத்த நிலையத்தில் ஒரு கிழவர் ஓடி வந்தார். அதற்கடுத்த நிலையத்தில் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒருத்தி. அவளுக்காகத் தெமியானா இருக்கையை விட்டே பாதி எழுந்துவிட்டாள். பாதை முடிவதற்குள் பின்னால் வந்த ரயில்களெல்லாம் சுவரில் இருந்த விளக்குப் பலகையில் சிவப்பாக மின்ன ஆரம்பித்தன. மவ்ஸா நிறுத்தச் சொன்னாள்.

"இங்க பாருங்க. நீங்க ஏத்திக்கிட்டது நாலஞ்சு பேரை. இந்தச் சிவப்பு எல்லாம் சுரங்கத்துக்குள்ள நிக்கிற வண்டிங்க. அதுக்குள்ள எத்தனை ஆயிரம் பேரு!"

"அவங்க உள்ள ஏறிட்டாங்கல்ல மவ்ஸா. ஏறினவங்க திட்டிக்கிட்டே வந்து சேர்ந்துருவாங்க. வெளியில நிக்கிறவங்களுக்குத்தான் நாதி இல்ல."

மவ்ஸா திரையை அணைத்தாள். நல்ல பதிலுக்கு மதிப்பெண் கிடையாது. தேறவில்லை. ஊர் திரும்புவதற்கு முன்னால் ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி.

பையூமியோ அதே பரீட்சையில் கிழவர், குழந்தை, பொம்பளை என்று ஒருவர் பாக்கியில்லாமல் மூக்கு நுனியில் கதவைச் சாத்தி, முதல் ஆளாகத் தேறினார். மவ்ஸா அவரைப் பாராட்டிப் பேசியபோது தெமியானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக ஷுப்ரா முழுவதும் யாரைச் சபித்ததோ அந்த ஆளுக்குப் பாராட்டு; யாரை வாழ்த்தியதோ அவளுக்குத் தோல்வி. இதில் எங்கே இருக்கிறது நியாயம்?

"நான் என்ன பண்ணட்டும் தங்கச்சி?" என்றார் பையூமி. காலைச் சாப்பாட்டு மேசையில் தன் முட்டைகளைத் தின்று முடித்துவிட்டு அவள் தட்டிலிருந்ததையும் இழுத்துக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நடந்துகொண்டிருந்ததால் அவளுக்கு முட்டை, பால், இறைச்சி எதுவும் ஆகாது; அவித்த அவரையும் ரொட்டியும்தான். "உனக்கு இரக்கம் ஜாஸ்தி. நான் அப்படிப் பொறக்கலை."

"நீங்க டீ குடிக்கிறதுக்கு ஜனத்தைக் காக்க வைப்பீங்க. நான் ஜனத்துக்காக ஜனத்தைக் காக்க வைக்கிறேன். ரெண்டும் ஒண்ணா?"

"பலகையில ரெண்டும் செவப்புதான்" என்றார் அவர், வாயில் முட்டையோடு.

அவள் பயிற்சிக் கேபினில் தனியாக உட்கார்ந்து கையைப் பழக்கப் பார்த்தாள். மூளை சரி என்றது, கை மாட்டேன் என்றது. போனில் ஆத்தெஃபிடம் புலம்பினாள்.

"கண்ணை மூடிக்கிட்டு அமுக்கிடு" என்றான்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கதவைச் சாத்தினா ஆளைக் கொன்னுருவேன்யா!"

"அப்போ ஒட்டகத்தை மறந்துராத."

இந்த மனுஷனை நம்பி வாழ்கிறோமே என்று நினைத்தாள். ஆனால் போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

விடுமுறை நாளில் மவ்ஸா இருவருக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, "ஊரைப் பாத்துட்டு வாங்க, மூஞ்சியை இப்படி வச்சிக்கிட்டு யாரும் என் ஊரை விட்டுப் போகக் கூடாது" என்று அனுப்பினாள். மீன் தொட்டி பார்த்தார்கள். கட்டணத்தை எகிப்து பவுண்டில் மாற்றிப் பார்த்துப் பையூமி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஊருக்குள் நுழையும் கடற்கழியில் மரப் படகில் போய்வந்தார்கள். கடைசியாக அந்தப் பெரிய கோபுரம். மேலே போய்ச் சேர்ந்ததும் பையூமி கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, சுவரோடு பல்லி போல ஒட்டிக்கொண்டு, தெரிந்த துஆ, பிரார்த்தனை எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னார். தெமியானா விளிம்புக்கே போய்க் குனிந்தாள்.

"கடல் தெரியுதா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"பாக்கலை."

"அப்புறம் என்னத்தைப் பாக்குற?"

"ரயிலை."

"அடக் கடவுளே! இவ்வளவு தூரம் ஏறி வந்தும் ரயிலா?"

கீழே ரயில்கள் போய்க்கொண்டிருந்தன. ஒன்று போனால் சற்றுத் தள்ளி ஒன்று, அதே தூரத்தில் இன்னொன்று. கோர்த்த மணிகளை யாரோ ஒரே சீராக இழுப்பது போல இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளுக்கு அது அழகாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

இறங்கி நிலையத்துக்கு வந்தார்கள். அவர்கள் நடைமேடையில் கால் வைத்த நேரம், ஒரு ரயில் கதவைச் சாத்தப் போனது. கையில் துணிப் பையோடு ஓர் இளைஞன் வேகமாக வந்தான். தெமியானாவின் கை தன்னையறியாமல் உயர்ந்தது. கதவு சாத்திக்கொண்டது. சரி, இப்போது வசவு பறக்கும், கண்ணாடியில் ஓர் அறை விழும் என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. அவன் நின்றான். போனை எடுத்தான். ஏதோ பார்த்துச் சிரித்தான். அவ்வளவுதான்.

அவளால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் போய், "தம்பி, மன்னிச்சுக்க. உனக்குக் கோபம் வரலையா?" என்றாள்.

அவள் பேச்சைக் கேட்டதும் அவன் முகமெல்லாம் பல்லானது. "அட, நம்ம ஊரா? நான் மன்சூராக்காரன் அக்கா. இங்க முடி வெட்டுறேன்."

எகிப்துக்காரன்! தெமியானா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பையூமிதான் கேட்டார்: "டேய், மன்சூராக்காரன் கதவுக்கு நடுவுல காலை வைக்காம நின்னதை நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

"ஊருல இருந்தா காலை மட்டுமா, தலையையே குடுத்திருப்பேன் மாமா. கெய்ரோவுக்கு வந்தப்போ ஒரு தடவை என் சட்டை பாதி உள்ள, நான் பாதி வெளியன்னு போயிருக்கேன்." அவன் தோளைக் குலுக்கினான். "இங்க எதுக்கு ஓடணும்? அடுத்தது வந்துரும்."

"வரும்னு எப்படித் தெரியும்?"

"நேத்து வந்துச்சே. முந்தாநாளும் வந்துச்சு" என்றான், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல.

அவன் சொல்லி வாய் மூடவில்லை, அடுத்தது வந்தது. அவன் ஏறிக்கொண்டு கையசைத்தான். தெமியானா ஏறவில்லை. பையூமி கூப்பிட்டும் ஏறவில்லை. நடைமேடையில் பெஞ்சில் உட்கார்ந்து, இன்னொன்று, அதற்குப் பின் இன்னொன்று என்று வந்துபோகிற ரயில்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. இத்தனை காலம் ஓடி வந்தவர்களுக்கெல்லாம் நல்லது செய்ததாக நினைத்திருந்தாள். அவர்களை ஓட வைத்ததில் தனக்கும் பங்குண்டு என்று இப்போதுதான் தெரிந்தது. அதே ஊர்க்காரன், அதே கால். நம்பிக்கை இருந்தால் கால் நிற்கிறது, இல்லாவிட்டால் ஓடுகிறது.

"அழுவுறியா?" என்றார் பையூமி சங்கடமாக.

"இல்ல. நீங்க டீ குடிக்கிறதை நெனச்சேன்."

"அதை எதுக்கு இப்போ நெனைக்கிற?" அவர் குரலில் கலக்கம் இருந்தது.

கடைசிப் பரீட்சைக்கு உட்கார்ந்தபோது தெமியானா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பையூமி பின்னால் நின்று தன் பங்குக்கு பிஸ்மில்லா சொன்னார். திரை விரிந்தது. முதல் நிலையம். மணி ஓய்ந்தது. பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பொம்பளை ஓடி வந்தாள்.

தெமியானாவின் இடது கை மைக்கை எடுத்தது. ஊரில் மூத்த பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல்லே வாயில் வந்தது. "ஹாஜ்ஜா, ஓடாதீங்க, மெதுவா எறங்குங்க. அடுத்த வண்டி பின்னாடியே வருது. கதவைச் சாத்துறேன், கோவிச்சுக்காதீங்க." வலது கை பொத்தானை அமுக்கியது. கதவு சாத்திக்கொண்டது. அவள் முகம் வேர்த்துக் கொட்டியது. ரயில் கிளம்பியது.

அடுத்த நிலையத்தில் கிழவருக்குச் சொன்னாள். தள்ளுவண்டிக்காரிக்குச் சொன்னாள், "பிள்ளையைப் பாத்துப் பிடிம்மா" என்று கூடுதலாக ஒன்று சேர்த்துச் சொன்னாள். ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு படத்துக்கும் சொல்லிச் சொல்லி, கடைசி நிலையத்தில் வண்டியை நிறுத்தினாள். பலகையில் ஒரு விளக்குகூடச் சிவக்கவில்லை.

மவ்ஸா பலகையை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் நெஞ்சில் அறைந்துகொண்டாள். "ஐயோ, என் குடி முழுகிப் போச்சே! கம்ப்யூட்டர் பொம்மைகிட்ட மன்னிப்பு கேட்ட ஆளை நான் பார்த்ததே இல்லையே!"

"விதிப் புத்தகத்துல பேசக் கூடாதுன்னு இருக்கா?"

"பேசணும்னு இல்ல. கூடாதுன்னும் இல்ல." சிரித்து முடித்த பிறகு மவ்ஸாவின் முகம் கறாரானது. "தேறிட்டீங்க அக்கா. ஆனா ஒண்ணு. இது வாக்கு. நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க. அடுத்தது வரலைன்னா உங்களைத்தான் பொய்க்காரிம்பாங்க."

தெமியானா மெல்லத் திரும்பிப் பையூமியைப் பார்த்தாள். மவ்ஸாவும் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்குறீங்க ரெண்டு பேரும்?" என்றார் பையூமி.

புது ரயில்கள் ஷுப்ராவுக்கு வந்தபோது முதல் சில நாள் ஜனம் இருக்கையைத் தடவிப் பார்த்தது, விளக்கைப் போட்டோ எடுத்தது. பிறகு பழையபடி படிக்கட்டில் ஓட ஆரம்பித்தது. தெமியானா மைக்கை எடுத்துச் சொன்னாள், கதவைச் சாத்தினாள். வசவு மழையாகக் கொட்டியது. "நீயும் அந்தப் பையூமி மாதிரி ஆயிட்டியா?" என்று கண்ணாடியைத் தட்டிக் கேட்டான் ஒருவன். அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது. "துபாய்க்குப் போயிட்டு வந்ததும் மனசு கல்லாயிடுச்சு பாரு!" என்றாள் இன்னொருத்தி. வாழ்த்து கேட்காத கேபினில் வசவு மட்டும் எப்படித்தான் கேட்டதோ!

பையூமி டீயை விடவில்லை. ஆனால் உதட்டைச் சுட்டுக்கொண்டு, பாதியில் கிளாஸை வைத்துவிட்டு, "நீ வாக்கைக் குடுப்ப, நான் நாக்கைச் சுட்டுக்கணுமா?" என்று அவளைத் திட்டிக்கொண்டே நேரத்துக்குக் கிளம்பினார். அது அவளுக்குத் தெரியும். தெரியாதது, அதனால் ஏதாவது பலன் உண்டா என்பது. அவள் எப்போதும் விட்டுவிட்டுப் போகிறவள். அடுத்த வண்டி வந்ததைப் பார்க்க அவள் அந்த நடைமேடையில் இருப்பதில்லை. சாத்திய கதவுக்கு வெளியே சுருங்கிப்போன முகங்களைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாப்பாடு இறங்கவில்லை.

"நான் கவுன்டருக்கே கேட்டுப் போயிரலாம்னு இருக்கேன்" என்று ஆத்தெஃபிடம் சொன்னாள். "அங்க சில்லறைக்குத்தான் திட்டுவாங்க. இது தாங்கலை."

அவன் விளையாட்டாக எதுவும் சொல்லவில்லை. "நல்லா யோசிச்சுக்க" என்றான். விளையாட்டுக்குக்கூட ஒன்றும் வராத அளவுக்கு அவள் முகம் இருந்தது.

மறுநாள் ரோத் எல்-ஃபரக் நிலையத்தில், மணி ஓயும் நேரத்தில், கனத்த உடம்புக்காரி ஒருத்தி கீரைக் கட்டுகள் பிதுங்கும் பையோடு படிக்கட்டில் இறங்கி ஓடி வந்தாள். "ஹாஜ்ஜா, ஓடாதீங்க, கால் வழுக்கிரும். அடுத்தது பின்னாடியே வருது." அவள் நிற்கவில்லை. கதவு சாத்திக்கொண்டபோது ரயிலின் முன்பக்கத்துக்கே வந்து, கேபின் ஜன்னலில் ஓங்கி அறைந்தாள். "அடுத்தது வருதாம்! யார்கிட்டக் கதை விடுற? உன் வீடு இடிஞ்சு விழ!"

தெமியானா வண்டியைக் கிளப்பினாள். கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையில்லை. எல்-முனீப், கடைசி நிலையம். இறங்கி நின்றாள். பையூமி வந்ததும் அவரிடம் சொல்லிவிட்டு, நேரே மேலதிகாரியின் அறைக்குப் போய்க் கவுன்டர் வேலையைக் கேட்பது என்று முடிவு செய்திருந்தாள்.

பையூமியின் வண்டி நேரத்துக்கு வந்து நின்றது. அவர் கேபினிலிருந்து இறங்கும்போதே தொப்பை குலுங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ரோத் எல்-ஃபரக்ல கீரைப் பை ஹாஜ்ஜா ஒருத்தியை விட்டுட்டு வந்தியா?"

"உங்ககிட்டயும் திட்டினாங்களா?"

"என் ஜன்னலுக்கு வந்தாங்க. நானும் அடி விழப்போகுதுன்னு தலையை உள்ள இழுத்தேன். 'மூச்சு வாங்கி முடிக்கலை, நீ வந்துட்டியே'ன்னாங்க. நல்லா மொறைச்சுப் பாத்தாங்க என்னை. அப்புறம் சொன்னாங்க: 'முன்னாடி போன அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு. அவ பொய் சொல்லலை. வீடு இடியட்டும்னு வாய்தவறிச் சொல்லிட்டேன், திருப்பி எடுத்துக்கிறேன். அவ வீடு நல்லா நிக்கட்டும், மேல இன்னொரு மாடியும் எழும்பட்டும்.' அப்படியே உன்கிட்டச் சொல்லச் சொன்னாங்க. ஒரு வார்த்தை விடாம. சொல்லிட்டுப் பெட்டியில ஏறிக்கிட்டாங்க."

தெமியானா அந்த நடைமேடையிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷம் தாங்காமல் அழுதாள். எத்தனை ஆயிரம் வாழ்த்து அவள் முதுகுக்குப் பின்னால் காற்றில் போயிருக்கும். தேடிப் பிடித்து, ஆள் விட்டு அனுப்பிய வாழ்த்து இது ஒன்றுதான். எதிர்ப்பக்கம் திரும்பிப் போக அவளுடைய வண்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேபினை நோக்கி நடந்தாள். பாதியில் திரும்பினாள்.

"அவங்க பேரு என்ன உஸ்தா?"

"கேக்க முடியலை தங்கச்சி" என்றார் பையூமி. "மணி ஓஞ்சுருச்சு. கதவைச் சாத்திட்டேன்."